விதை இழந்த அருகு

புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் வாசலில் அருகம்புல் மாலையாகவும் கட்டாகவும் விற்கிறது. 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தாவரவியல் பூங்கா அமைத்து, கடல் கடந்து வந்த செடிகளைப் பாத்தி கட்டிப் பேணினார்கள். அருகுக்கு அந்த உபசாரமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. உப்புக்காற்று, மாட்டு வாய், மனிதக் கால், கத்திரி வெயில் எதற்கும் அது அசையாது. மேலே கருகினாலும் மண்ணுக்குள் தண்டு உயிரோடிருக்கும். ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும்.

கோல்ஃப் விளையாட்டு இதன் பின்னால் வந்ததும் அதனால்தான். ஸ்காட்லாந்தின் குளிர்ப்புல் நம் வெயிலில் தாங்காது. 1829-ல் கல்கத்தாவில் தொடங்கிய கோல்ஃப் கிளப், பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழையது. வங்காளத்து மண்ணில் அவர்களுக்குக் கைகொடுத்தது 'தூப்' என்று வடக்கே சொல்லும் இதே அருகுதான். தண்ணீர் போதாத ஊர்களில் புல்லே வைக்காமல், குழியைச் சுற்றியுள்ள புல்தரையான 'கிரீனுக்கு' மாற்றாக எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி 'பிரவுன்' என்றார்கள்.

அமெரிக்காவுக்கு 1751-ல், பின்னாளில் ஜார்ஜியா ஆளுநரான ஹென்றி எல்லிஸ் கொண்டுபோனார் என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. பருத்தி விவசாயிகள் அதைச் சபித்தார்கள். பிடுங்கப் பிடுங்க வந்தது. 1936-ல் ஜார்ஜியாவின் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த தாவர மரபியலாளர் கிளென் பர்ட்டன் முதலில் மாட்டுத் தீவனமாகத்தான் அதை மேம்படுத்தினார். பிறகு, கோல்ஃப் மைதானங்களில் நன்றாகப் படர்ந்திருந்த அருகை எடுத்து, மெல்லிய இலை கொண்ட தென்னாப்பிரிக்க இனத்தோடு கலந்தார். 1956-ல் டிஃப்கிரீன் வந்தது. 1960-ல் வந்த டிஃப்வே தானாக நேர்ந்த கலப்பு; 1965-ன் டிஃப்டுவார்ஃப் டிஃப்கிரீனிலிருந்தே திரிந்தது என்று கருதப்படுகிறது. நான்கு தொகுதி குரோமோசோம் கொண்டதும் இரண்டு தொகுதி கொண்டதும் ஆளுக்குப் பாதி தந்து மூன்று தொகுதியாகப் பிறந்த பிள்ளைகள் இவை. அதனால் விதை கட்டாது. தண்டை நறுக்கி நறுக்கித்தான் நடவேண்டும். உலகில் எங்கே டிஃப்வே இருந்தாலும் அது ஒரே செடியின் துண்டு.

அப்படி நறுக்கப்பட்டு, டிஃப்கிரீன் '328', டிஃப்வே '419' என்று எண்களைச் சுமந்து நம் நாட்டுக்கே திரும்பிவந்தது அருகு. கூடவே வந்த பராமரிப்புப் புத்தகம்தான் சிக்கல். அது ஜார்ஜியாவின் குளிர்காலத்துக்காக எழுதப்பட்டது: புல் பழுப்பாகித் தூங்கும், மேலே ரைப்புல் விதைத்துப் பச்சை காட்டு என்று. புதுச்சேரி முதல் சென்னை வரையுள்ள கரையில் புல் தூங்குவதே இல்லை. இங்கே பயப்பட வேண்டிய காலம் ஐப்பசி, கார்த்திகை. நாள்கணக்கில் மேகம் மூடினால் வெயில் விரும்பியான இந்தப் புல் இளைக்கும், பூஞ்சை ஏறும், ஈரத்தில் வெட்டும் மெஷினை இறக்க முடியாது. 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அத்தனை தண்ணீரை எந்த வடிகாலும் உடனே விழுங்காது.

ஆகவே கனமான வேலையெல்லாம் கோடையிலேயே. கிரீனில் துளையிட்டு மண்குச்சிகளை உருவி, மணலைத் தூவி உள்ளே தள்ளுவார்கள். பார்க்க அம்மை போட்ட முகம்போல இருக்கும். ஆட வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் வெயிலில் புல் சில வாரங்களில் மூடிக்கொள்ளும். மழைக்குத் தண்ணீர் இறங்க வழி அந்தத் துளைகள்தான். மழை நெருங்கும்போது ஒட்ட வெட்டிய கிரீனைக் கொஞ்சம் வளரவிடுவது நல்லது. குறைந்த வெளிச்சத்தில் பிழைக்க இலைப்பரப்பு வேண்டும். பந்து மெதுவாக ஓடுகிறதென்று புகார் வரும்; வரட்டும்.

தை பிறந்து தரை இறுகியதும் இன்னொரு வேலை. பறவையும் செருப்பும் கொண்டுவந்த நாட்டு அருகு கிரீனுக்குள் திட்டுத்திட்டாகத் தலைகாட்டும்; இலை அகலம், நிறம் வேறு, பந்தை விலக்கும். களைக்கொல்லி அடிக்க வழியில்லை. இரண்டும் நெருங்கிய உறவு, ஒன்றைக் கொல்வது மற்றதையும் கொல்லும். மாலிகள் கத்தியோடு குந்தி உட்கார்ந்து, திட்டைச் சுற்றி ஒரு சாண் சேர்த்து மண்ணோடு தோண்டி எடுத்து, நாற்றங்காலிலிருந்து வெட்டிய 328-ஐ அங்கே பதிக்கிறார்கள்.