இரட்டைக் கார்புரேட்டரும் அடங்காத எஞ்சினும்

ஓடுகின்ற மோட்டார் வண்டி இரைவதில் வியப்பொன்றுமில்லை. நிறுத்தி வைத்த வண்டி இரைந்தால்தான் அதனை உடையவரின் மனம் கலங்குகிறது. மிதியிலிருந்து காலை எடுத்த பின்னும் எஞ்சின் அடங்காமல் நிமிடத்துக்கு 1,500 சுற்று, 2,000 சுற்று என்று சுழலுமாயின் அது ஒரு நோயின் அறிகுறி. பழைய ஆங்கிலேய விளையாட்டு வண்டிகளைப் பேணி வருவோர் பலரும் இந்நோயை அறிவர். இதன் காரணத்தைத் தேடப் புகுந்தால், ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுக் காலத்து யந்திர வரலாறு நம் முன்னே விரிகின்றது. அவ்வரலாற்றை ஒருவாறு அறிந்தவருக்கே நோயின் மூலம் எளிதில் புலப்படும்.

பெட்ரோல் தானாக எஞ்சினில் எரிந்து வேலை செய்துவிடாது. அது காற்றோடு தக்க அளவில் கலக்க வேண்டும்; ஒரு பங்கு எடை பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு எடை காற்று தேவை. இக்கலவையை உண்டாக்குவதே கார்புரேட்டரின் தொழில். 1886இல் கார்ல் பென்ஸ் உரிமை பெற்ற வண்டியில், எரிநெய்யின் மேற்பரப்பில் எழும் ஆவியையே காற்று வாரிச் சென்றது. சாலையின் குலுக்கலுக்கும் பருவத்தின் வெப்பத்துக்கும் ஏற்பக் கலவை மாறிக்கொண்டே இருந்தது. 1893இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் என்பவர், மிதவையுள்ள சிறு தொட்டியிலிருந்து நுண்துளை வழியே பெட்ரோலைக் காற்றோட்டத்தில் தூவும் முறையைக் கண்டார். அதே ஆண்டில் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்னும் இருவரும் இத்தகைய கருவிக்கு உரிமை பெற்றனர். பூக்காரி ஒருத்தி குழாயில் ஊதி மலர்களின் மீது நீர் தெளித்ததைக் கண்டே அவர்களுக்கு இவ்வெண்ணம் பிறந்தது என்று ஒரு கதை வழங்கி வருகிறது. கதை எவ்வாறாயினும், தத்துவம் அதுதான்: காற்று விரைந்தோடும் இடத்தில் அழுத்தம் குறையும், குறைந்த இடத்தை நோக்கி எரிநெய் எழும்பி வரும்.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சி நின்றது. எஞ்சின் மெல்லச் சுழலும்போது காற்றின் வேகம் குறைவு. விரைந்து சுழலும்போது மிகுதி. ஒரே துளை இரண்டு நிலைக்கும் பொருந்தாது. இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர், லண்டனில் காலணி வணிகத்தில் பேர்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர். 1905இல் அவர் உரிமை கோரிய கார்புரேட்டரில் தோலால் ஆன ஒரு துருத்தி இருந்தது. எஞ்சின் இழுக்கும் காற்றுக்குத் தக்கபடி அத்துருத்தி விரிந்து சுருங்கி, காற்று செல்லும் வாயிலைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் காற்றின் வேகத்தை ஏறத்தாழ ஒரே நிலையில் வைத்தது. கூடவே, நுனி சிறுத்த ஊசி ஒன்று துளையினுள் ஏறியிறங்கிப் பெட்ரோலின் அளவையும் ஒழுங்குபடுத்தியது. பிற்காலத்தில் தோல் துருத்தியின் இடத்தை உலோகப் பிஸ்டன் பெற்றது. ஜார்ஜும் அவருடைய சகோதரரும் 1910இல் நிறுவிய தொழிலகம் எஸ்.யு. எனப் பெயர் பெற்றது. ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம் அது. 1926இல் அத்தொழிலகம் வில்லியம் மாரிஸின் கைக்கு வந்தது. மாரிஸின் குடும்பத்தில் பிறந்த எம்.ஜி. வண்டிகளில் எஸ்.யு. இடம் பெற்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனி, இரண்டு கார்புரேட்டர் ஏன் என்று கேட்கலாம். நான்கு சிலிண்டர்களுக்கும் ஒன்றே பங்கிட்டால், அருகிலுள்ளவை நிறையப் பெறும். தொலைவிலுள்ளவை குறையப் பெறும். இரண்டு வைத்தால் வழி குறுகும், மூச்சும் தாராளமாகும். 1945இல் வெளிவந்த எம்.ஜி. டி.சி. வண்டியிலும், 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் உருவான எம்.ஜி.பி. வண்டியின் பெரும்பாலானவற்றிலும் இரட்டை எஸ்.யு.க்களே அமைந்தன. எம்.ஜி.பி.யின் எஞ்சின் நமக்கு அந்நியமன்று. உத்தரபாராவில் 2014 வரை உருவான அம்பாசிடர் வண்டி நெடுங்காலம் சுமந்த 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினும் அதே குலத்தைச் சேர்ந்தது.

இரட்டை அமைப்பால் ஆற்றல் கூடியது. அதனோடு பொறுப்பும் கூடியது. இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும்; ஒரே கணத்தில் திறக்கவும் மூடவும் வேண்டும். ஒன்றன் குறையை மற்றொன்று மறைத்துவிடுவதால் நோய் இருக்குமிடம் எளிதில் தெரிவதில்லை.

எஞ்சின் அடங்காமைக்கு அடிப்படைக் காரணங்கள் மூன்றே. திராட்டில் தகடு முழுதும் மூடாமல் கலவை புகுவது ஒன்று. வேறு வழியாக வெறுங்காற்று புகுவது மற்றொன்று. தீப்பொறி உரிய நேரத்துக்கு மிக முன்னதாக எழுவது மூன்றாவது. இவற்றை வரிசையாகப் பார்ப்பதே நன்று. முதலில் மிதியின் கம்பி தளர்வாக உள்ளதா என்று காண வேண்டும். பிறகு, சோக் இழுவையை உள்ளே தள்ளிய நிலையில், விரைவு ஐடிலிங் ஸ்க்ரூவுக்கும் அதன் கீழுள்ள கேமுக்கும் சிறிது இடைவெளி உண்டா என்று காண வேண்டும். அடுத்து, இரண்டையும் பிணைக்கும் தண்டின் பிடிகளைத் தளர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனியே மூடிப் பார்க்க வேண்டும். அப்போது எஞ்சின் அடங்கிவிடுமாயின் குற்றம் பிணைப்பில் இருந்தது எனலாம்.

அப்பொழுதும் அடங்காவிடில், தகட்டின் தண்டு செல்லும் துளைகளையும் மேனிஃபோல்டின் காஸ்கெட்டுகளையும் பிரேக்குக்குச் செல்லும் குழாயையும் ஐயுற வேண்டும். ஆண்டுக்கணக்கான இழுப்பில் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து காற்று கசியும். தண்டின் முனையில் சில துளி எண்ணெய் விட்டதும் எஞ்சினின் ஓசை மாறினால், கசிவு அங்கே என்பது தெளிவு. பெட்ரோலைத் தெளித்துச் சோதிப்பது தீவிபத்துக்கு இடமாகும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுவதும் உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

நாம் நேரில் கண்ட ஒரு வண்டியைப் பற்றிச் சொல்வது பொருந்தும். 1970ஐ ஒட்டி உருவான எம்.ஜி.பி. அது. ஐடிலிங் ஸ்க்ரூக்கள் இரண்டையும் முழுதும் தளர்த்தியும் 1,500 சுற்றுக்குக் கீழே இறங்கவில்லை. அதை உடையவர் சலித்துப்போய், தீப்பொறியின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி ஓசையை அடக்கியிருந்தார். ஓசை அடங்கிற்று; எஞ்சினோ கொதிக்கத் தொடங்கிற்று. பொறி தாமதித்தால் வெப்பம் வெளிப்போக்கு வால்வுகளைத் தாக்கும். நாளடைவில் அவை கருகும். அறிகுறியை அடக்கியதால் நோய் உள்ளே சென்றது.

கார்புரேட்டர்களைக் கழற்றிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. திராட்டில் தகட்டின் நடுவே காசளவுகூட இல்லாத ஒரு சிறு வால்வு இருந்தது. அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. 1968ஆம் ஆண்டு மாடல்கள் முதல் அமெரிக்காவில் புகை பற்றிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. மிதியை விட்டு வண்டி சரிந்தோடும்போது எரியாத எரிநெய் வெளியேறாதிருக்கும் பொருட்டே இத்தகைய வால்வு அமைந்தது. அந்நேரத்தில் மட்டும் திறக்க வேண்டியது, ஸ்பிரிங் தளர்ந்ததால் நின்ற நிலையிலும் திறந்து கிடந்தது. வால்வற்ற தகடுகளை மாற்றி, அவற்றைத் துளையின் நடுவே பொருத்தி, தீப்பொறியை உரிய நேரத்துக்குக் கொண்டுவந்ததும் எஞ்சின் அடங்கியது. எத்தனை ஸ்க்ரூக்களைத் திருகினாலும் தெரியவராத காரணம், அவ்வால்வின் வரலாற்றை அறிந்தவருக்கு ஒரு நொடியில் தெரிந்தது.

குறை தீர்ந்த பின்னரே இரண்டையும் சமன் செய்ய வேண்டும். சிறிய ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலிலும் ஒரே தூரத்தில் பிடித்தால், சீறல் எதில் மிகுதி என்று கேட்கும். இரண்டும் ஒத்து ஒலிக்கும்வரை திருத்தலாம். கடைசியாகக் கலவை. பிஸ்டனைச் சிறிதளவு, ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு, உயர்த்த வேண்டும். வேகம் ஏறி அவ்வாறே நின்றால் பெட்ரோல் மிகுதி; உடனே வீழ்ந்தால் குறைவு; கணநேரம் ஏறிப் பின் நிலைபெற்றால் அளவு சரி.

இன்று புதிய கார்களில் கார்புரேட்டர் இல்லை. மின்னணுக் கருவி ஒன்று காற்றை அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. குறையையும் தானே எண்ணால் அறிவிக்கிறது. அதனால் தூய காற்றும் சிக்கனமும் நமக்குக் கிடைத்தன, அவற்றை இகழ்வதற்கில்லை. எனினும், காதால் கேட்டு, கையால் உணர்ந்து, ஒவ்வொரு காரணமாக நீக்கி, எஞ்சியதைப் பற்றும் அந்தப் பழைய முறை மறைந்துவிடலாகாது. அம்முறையைக் கற்றவர் முதுமையடைந்து வருகின்றனர். இளைஞர் ஒருவர் அவர்கள் அருகே நின்று அந்த ரப்பர்க் குழாயை ஒருமுறை காதில் வைத்துக் கேட்பாராயின், தோல் துருத்தியில் தொடங்கிய அறிவு இன்னும் ஒரு தலைமுறை வாழும்.