வந்த ஆண்டும் வாங்கும் ஓய்வூதியமும்



விபோர்க் நகரசபையின் சனத்தொகை 2007ஆம் ஆண்டு சனவரி முதலாம் திகதி ஒரே இரவில் இருமடங்கானது. ஆனால் புதிதாக எவரும் வந்து குடியேறவில்லை. பியரிங்புரோ, கருப் முதலிய அயல் நகரசபைகள் ஐந்து விபோர்க்குடன் இணைக்கப்பட்டன, அவ்வளவுதான். கணக்காளனாகிய எனக்கு இது நல்ல பாடம். ஓர் ஊரின் எண்களை வாசிக்குமுன், அவை எப்படி உண்டாயின என்று கேட்க வேண்டும்.

தமிழராகிய எங்களுடைய எண்களையும் அப்படியே கேட்டுப் பார்ப்போம். 1983 யூலைக் கலவரத்துக்குப் பின் நாம் டென்மார்க்குக்கு வரத் தொடங்கினோம். எந்த ஊரில் வாழ்வது என்பதை எம்மில் பலர் தாமாகத் தெரிவு செய்யவில்லை. அகதிகளை நாடு முழுவதும் பரவலாகக் குடியமர்த்தும் பொறுப்பு டெனிஷ் அகதிகள் சபையிடம் இருந்தது. 1999இல் வந்த ஒருங்கிணைப்புச் சட்டம் அந்தப் பொறுப்பை நகரசபைகளுக்கு மாற்றியது. அதனாலேயே விபோர்க், ஹேர்னிங், ஹொல்ஸ்டபுரோ போன்ற யூலன்ட் ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் உருவாகின. அங்கே கிடைத்த வேலை எதுவோ, அதுவே வருமானமும் ஆனது. தொழிற்சாலைக்கும் துப்புரவு வேலைக்கும் போய் வீடு வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். படித்த பிள்ளைகள் பலர் ஓகூஸ், கொப்பன்கேகன் என்று போய்விட்டார்கள். ஊரில் தங்கியவர்கள் இப்போது ஓய்வு வயதை அடைகிறார்கள்.

இங்கேதான் ஒரு பழைய கதை மீண்டும் வருகிறது. 1983ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் அகதிகளுக்குக் குடும்பத்தை அழைக்கும் உரிமையைக் கொடுத்திருந்தது. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட வைத்தார். 1989 தொடக்கத்திலேயே அவை மறுபடி கவனிக்கப்பட்டன. நீதிபதி ஹோர்ன்ஸ்லெட்டின் விசாரணை அறிக்கை வெளிவந்ததும், 1993 சனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார். 1995 யூனில் விசேட அரச நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. வரலாற்று நூல்கள் இத்துடன் முடித்துவிடும். கணக்குப் புத்தகம் இன்னும் மூடப்படவில்லை.

டென்மார்க்கின் முதியோர் ஓய்வூதியம் நீங்கள் கட்டிய வரியைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. இங்கே வாழ்ந்த ஆண்டுகளைப் பார்த்தே கொடுக்கப்படுகிறது. முழு ஓய்வூதியத்துக்கு 15 வயதின் பின் 40 ஆண்டு வதிவிடம் போதும் என்பது நெடுங்கால விதி. 2025 யூலை முதல் ஓய்வு வயதை அடைபவர்களுக்கு, 15 வயது முதல் ஓய்வு வயது வரையான காலத்தில் பத்தில் ஒன்பது பங்கு வேண்டும். 67 வயதில் ஓய்வு பெறுபவருக்கு அது ஏறத்தாழ 47 ஆண்டு.

ஓர் உதாரணம் பார்ப்போம். 1961இல் பிறந்த ஒரு மனைவி 2028இல் 67 வயதை அடைகிறார். 1987இல் வந்திருந்தால் அவர் கணக்கில் 41 ஆண்டு இருக்கும். கோப்பு கிடப்பில் கிடந்ததால் 1989இல்தான் வந்தாரென்றால் 39 ஆண்டு. அந்த இரண்டு ஆண்டுகளின் விலை, முழு ஓய்வூதியத்தில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து. மாதாமாதம், சீவியகாலம் முழுவதும். கணவனோ பிள்ளைகளோ பக்கத்தில் இல்லாமல் கழிந்த அந்த இரண்டு ஆண்டுகளுக்கு எந்த நிரலும் கிடையாது.

ஊரின் சராசரி வருமானத்தைப் பார்ப்பவர் இந்த முதியவரைக் "குறைந்த வருமானம்" என்ற கட்டத்தில் காண்பார். அவர் உழைக்காமல் இருந்தவர் அல்ல. ஒரு தலைமுறையே வாழ்க்கையின் நடுவில் வந்து இறங்கியது. சிலர் இன்னும் பிந்தி வந்ததற்கு அவர்கள் காரணமும் அல்ல.

ஆகவே நேயர்களே, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இரண்டு வேலை செய்யுங்கள். சனத்தொகைப் பதிவேட்டில் உங்கள் வதிவிடம் எந்தத் திகதியிலிருந்து பதிவாகியுள்ளது என்று பாருங்கள். வேலையிடத்து ஓய்வூதியமும் ஏ.டி.பி.யும் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். அவை உழைப்பைப் பொறுத்தவை, வந்த ஆண்டைப் பொறுத்தவை அல்ல. பழைய வதிவிட அனுமதிக் கடிதங்களை எறிந்துவிட வேண்டாம். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள். அம்மா ஏன் பிந்தி வந்தார் என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கதையையும் அப்போது சொல்லிவிடுங்கள்.