மேல்முறையீடு கேட்கப்படும் அவையில் வழக்குக்குரியவருக்கு இடம் உண்டா? கல்லாற்றில் எழுந்த ஒரு கேள்வி

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடத்தில் அமைந்த ஊர் கல்லாறு. தமிழரும் மலையாளிகளும் ஒருசேரத் தம்முடையது எனக் கொள்ளத்தக்க பெயர். நீதிமன்றச் சொற்கள் மக்கள் பேச்சில் எவ்வாறு வழங்குகின்றன என்பதைத் தொகுப்பதற்காக அப்பகுதிக்குச் சென்றிருந்தேன். தமிழ் பேசும் முதியவர் ஒருவர் தம் நிலவழக்கைப் பற்றிச் சொன்னார். கீழ் நீதிமன்றத்திற்கு ஒவ்வொரு வாய்தாவிற்கும் சென்றவர், உயர் நீதிமன்றத்திற்கு ஒருமுறைகூடச் சென்றதில்லை. வழக்கு தோற்றதை வழக்கறிஞர் சொல்லியே அறிந்தார். பேச்சின் முடிவில் என்னிடம் ஒன்று கேட்டார்: அப்பீல் நடக்கும்போது தம்மைப் போன்றவர்களை உள்ளே விடுவார்களா?

விடுவார்கள் என்பதே சட்டத்தின் விடை. ஆயினும், வழக்குக்குரிய ஒருவருக்கு இந்த ஐயம் ஏன் எழுந்தது என்பது சட்டநூலைக் கொண்டு மட்டும் விளக்கக்கூடியதன்று. அதற்கு வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

முதலில் சட்டம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 153-பி பிரிவு, வழக்கு விசாரிக்கப்படும் இடம் திறந்த நீதிமன்றமாகக் கருதப்படும் என்றும், இடவசதிக்கு உட்பட்டுப் பொதுமக்கள் அங்கு வரலாம் என்றும் கூறுகிறது. தக்க சூழலில் நுழைவைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. இப்பிரிவு மூலவழக்கு விசாரணையையே பெயர் சுட்டிக் கூறுகிறது. எனினும் 41-ஆம் கட்டளையின் 30-ஆம் விதி மேல்முறையீட்டுத் தீர்ப்பும் திறந்த நீதிமன்றத்திலேயே கூறப்பட வேண்டும் என்கிறது. 1966-இல் நரேஷ் ஸ்ரீதர் மிராஜ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, நீதி வழங்கல் பொதுவாகத் திறந்த அவையில் நடைபெற வேண்டும் என்ற கோட்பாட்டை ஏற்றது; விதிவிலக்கான சூழல்களில் அதை வரையறுக்கும் அதிகாரத்தையும் நீதிமன்றத்திற்கு அளித்தது.

பொதுமக்களுக்கே இவ்வுரிமை என்றால் வழக்குக்குரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். மேல்முறையீடு செய்தவர் தரப்பில் எவரும் வராவிடில் மேல்முறையீடு தள்ளுபடியாகலாம். ஆனால் அவர் இல்லாத நிலையில் வழக்கின் தகுதியை ஆராய்ந்து அவருக்கு எதிராக முடிவு செய்ய இயலாது என 17-ஆம் விதியின் விளக்கம் தடுக்கிறது. தக்க காரணம் காட்டினால் மேல்முறையீட்டை மீண்டும் ஏற்கச் செய்யவும் வழியுண்டு.

இவ்வளவு இருந்தும் முதியவர் செல்லவில்லை. சட்டத்தின் பார்வையில் அவர் சென்றவரே. வக்காலத்துப் பெற்ற வழக்கறிஞர் அவையில் நின்றால் தரப்பினர் நின்றதாகவே கொள்ளப்படும். எளியவருக்கு இது பெரும் வசதி. ஒவ்வொரு வாய்தாவிற்கும் வேலையை விட்டுச் செல்ல வேண்டியதில்லை. ஆனால் இவ்வசதி காலப்போக்கில் வழக்கமாகி, பின்னர் விலக்காகவே மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. செல்ல வேண்டியதில்லை என்பது செல்லக்கூடாது என்று பொருள் மாறிய இந்தக் கதையில், தொலைவிற்குப் பெரும் பங்கு உண்டு.

திருவிதாங்கூரில் கர்னல் மன்றோ 1811-இல் நீதித்துறையைச் சீரமைத்தபோது ஜில்லா நீதிமன்றங்கள் தோன்றின. 1814-இல் மேல்முறையீட்டிற்கான ஹஜூர் நீதிமன்றமும், 1861-இல் அதனிடத்தில் சதர் நீதிமன்றமும், 1887-இல் ஐந்து நீதிபதிகளைக் கொண்ட திருவிதாங்கூர் உயர் நீதிமன்றமும் அமைந்தன. உயர் நீதிமன்றம் தலைநகரான திருவனந்தபுரத்தில் இருந்த காலத்தில், கல்லாற்றிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் அதை அடைவது அரிதன்று. நாகர்கோவிலுக்கும் தலைநகருக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். கல்லாறு அதனினும் அருகில் உள்ளது.

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. தலைநகர் திருவனந்தபுரத்திற்கு; உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்திற்கு. அதே மாதம் 7-ஆம் நாள் புதிய உயர் நீதிமன்றம் அங்குச் செயல்படத் தொடங்கியது. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானபோதும் இடம் மாறவில்லை. கல்லாறு போன்ற ஊரின் சிறு நிலவழக்கு நெடுமங்காட்டில் தொடங்கி, முதல் மேல்முறையீட்டிற்குத் திருவனந்தபுரத்தை அடைகிறது. இரண்டாம் மேல்முறையீடு ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பால் கேட்கப்படுகிறது. திருவனந்தபுரத்தில் ஓர் அமர்வு வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது.

அதே 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. மொழியுரிமைப் போராட்டத்தின் பெருவெற்றி அது. அதன் மதிப்பைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆனால் மேல்முறையீட்டின் கோணத்தில் பார்த்தால், 1949 வரை 70 கிலோமீட்டரில் இருந்த உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்திற்கு விலகி, 1956-க்குப் பின் 700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்குச் சென்றது. 2004 ஜூலை 24 அன்று மதுரை அமர்வு தொடங்கும்வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், நாகர்கோவில் விவசாயி தம் இரண்டாம் மேல்முறையீட்டைக் காதால் கேட்க விரும்பினால் சென்னைக்கே செல்ல வேண்டியிருந்தது. இந்த அரை நூற்றாண்டில் அவரது உரிமையைப் பறித்த சட்டம் எதுவும் இல்லை; ஆயினும் உரிமையைப் பயன்படுத்தும் வாய்ப்பு சுருங்கியது.

தொலைவைக் கடந்து சென்றாலும் மொழி நிற்கிறது. அரசமைப்பின் 348-ஆம் உறுப்பு உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்கிறது. குடியரசுத் தலைவரின் இசைவுடன் மாநில மொழியை அனுமதிக்கவும் இடம் தருகிறது. தமிழ்நாடு சட்டப்பேரவை 2006-இல் இதற்கெனத் தீர்மானம் நிறைவேற்றியும் நடைமுறைக்கு வரவில்லை. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியில் எழுத உரிமை அளிக்கிறது. அவ்வுரிமை உயர் நீதிமன்ற வாயிலோடு நின்றுவிடுகிறது.

மொழியியல் மாணவனாக எனக்கு வியப்பளித்தது முதியவரின் சொற்களே. வாய்தா என்பது வாக்குறுதியைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து உருதுவழி வந்தது. வக்காலத்தும் அரபு மூலமுடையது. அப்பீல் ஆங்கிலம். இத்தனையையும் அவர் இயல்பாகக் கையாண்டார். சென்று பழகிய இடத்தின் சொல் எம்மொழியினதாயினும் மக்களுக்குச் சொந்தமாகிவிடுகிறது. இரண்டாம் மேல்முறையீட்டின் மையமான ‘முக்கியச் சட்டவினா’ என்பதற்கு மட்டும் அவரிடம் எந்தச் சொல்லும் இல்லை. அது பேசப்பட்ட அவையில் அவர் இருந்ததில்லை.

2018-இல் ஸ்வப்னில் திரிபாதி வழக்கில் உச்ச நீதிமன்றம் நேரலை ஒளிபரப்பை ஏற்றது. 2020 ஏப்ரல் 6-ஆம் நாள் ஆணை காணொலி விசாரணைக்குச் சட்டத் துணை தந்தது. தொலைவை இவை குறைக்கக்கூடும். ஆனால் தம் வழக்கு எந்த நாளில் கேட்கப்படும் என்பது தரப்பினருக்கு அவர் மொழியில் முன்கூட்டியே தெரிவிக்கப்படாவிடில், கைப்பேசித் திரையும் எர்ணாகுளத்தைப் போலவே தொலைவில்தான் இருக்கும்.

சட்ட வரலாற்றை ஆராயும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீர்ப்புத் தொகுதிகளில் வழக்கறிஞர் பெயர்கள் உள்ளன. தரப்பினர் நேரில் வந்தனரா என்பதைத் தேடும் ஆய்வு நமக்குத் தேவை. 1949-க்கு முன்னும் பின்னும், 2004-க்கு முன்னும் பின்னும் வழக்காடியோரின் நினைவுகளை, அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே பதிவு செய்வோம். முதியவரிடம் அன்று, தாராளமாக விடுவார்கள் ஐயா என்றேன். முன்பே தெரிந்திருந்தால் ஒருமுறையாவது போயிருப்பேனே என்றார்.