கைகளே சாட்சி: ஒரு நிறங்காட்டியின் வரலாறு

ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டுகளை வாங்கிய அலுவலர் கையும் களவுமாகப் பிடிபட்டார் என்னும் செய்தியை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். அந்த ரசாயனம் பினாப்தலீன். நம் பிள்ளைகள் பள்ளி ஆய்வகத்தில், அமில காரத் தரம்பார்த்தலில் பயன்படுத்தும் அதே நிறங்காட்டி.

நிறத்தால் பொருளின் தன்மையை அறியும் முறை இதனினும் பழமையானது. வயலட் பூவின் பாகு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை, 1664-இல் வெளியான தம் நூலில் இராபர்ட் பாயில் பதிவு செய்தார். காரத்தை ஐரோப்பியர் குறிக்கும் 'ஆல்கலி' என்னும் சொல், செடிச் சாம்பலைச் சுட்டும் 'அல்கலீ' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதையும் இங்கு நினைவுகூர்கிறோம்.

பினாப்தலீனை 1871-இல் உருவாக்கியவர் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் ஃபான் பேயர். 1877-இல் எர்ன்ஸ்ட் லக் அதனை நிறங்காட்டியாக அறிமுகப்படுத்தினார். அமிலத்தில் அதற்கு நிறமில்லை, காரத்தன்மை பி.எச். 8.2 அளவைக் கடந்ததும் இளஞ்சிவப்பு தோன்றும். ஆயினும் எல்லாச் சோதனைக்கும் அது பொருந்தாது. வலிமை குன்றிய அம்மோனியாவை வலிய அமிலத்தால் அளக்க மெத்தில் ஆரஞ்சு போன்ற வேறொன்று வேண்டும். பொருந்தாத சாட்சியை அழைத்தால் கணக்கு பிழைபடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பேதி குணம் அறியப்பட்டு, மலச்சிக்கல் மருந்தாகவும் பல்லாண்டுகள் விற்கப்பட்டது. எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதாக ஆய்வுகள் காட்டியபின், அமெரிக்கா 1999-இல் அம்மருந்தை விலக்கியது.

இனி, லஞ்சப் பொறி இயங்கும் விதத்தைக் காண்போம். நோட்டில் தடவிய தூள் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. வாங்கியவரின் விரல்களில் ஒட்டிக்கொள்ளும். அவ்விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவினால் நீர் இளஞ்சிவப்பாகும். எனினும் நிறம் ஒன்றே குற்றத்தை நிறுவிவிடாது. பணத்தைக் கேட்டதும் ஏற்றதும் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. பிறர் திணித்த பணத்தாலும் நிரபராதியின் கை சிவக்கக்கூடும் அன்றோ!

மறுமையில் நம் கைகளே பேசும் என்று நம்புகிறவர்கள் நாம். அங்கே தூளும் தேவையில்லை, கரைசலும் தேவையில்லை. லஞ்சம் வாங்குபவருக்கு மட்டுமன்றி, கொடுப்பவருக்கும் மார்க்கத்தில் கடும் எச்சரிக்கை உண்டு. 'வேலை முடிந்தால் போதும்' என்று எவரும் அறியாமல் நாம் நீட்டும் நோட்டில் ரசாயனம் இல்லை. ஆனால் நீட்டிய கை நம்முடையது.