ஊழல் குற்றச்சாட்டு வீடியோக்கள் யூடியூபில் திடீரென மறைவது எப்படி? நீக்குவது யார், சேனல்கள் என்ன செய்யலாம்? - முழு விளக்கம்

நேற்று வரை லட்சக்கணக்கானோர் பார்த்த வீடியோ இன்று இல்லை. லிங்க்கைத் தட்டினால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிதான் வருகிறது. ஆனால், அதே குற்றச்சாட்டைப் பேசும் இன்னொரு சேனலின் வீடியோ எந்தப் பிரச்சனையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. 'அது இருக்கும்போது இது மட்டும் ஏன் போச்சு?' என்று கமெண்ட்டில் கேட்காதவர்கள் இல்லை.

அரசியல்வாதிகள், பெரிய நிறுவனங்கள், அதிகாரிகள் மீது ஊழல் புகார் சொல்லும் வீடியோக்கள் நீக்கப்படுவது இந்தியாவில் கடந்த சில ஆண்டுகளாக அடிக்கடி செய்தியாகிறது. இதை யார் செய்கிறார்கள்? யூடியூபா, அரசா, நீதிமன்றமா? ஒரே மாதிரி வீடியோக்களுக்கு வேறு வேறு முடிவு வருவது ஏன்? விரிவாகப் பார்ப்போம்.

2025 செப்டம்பரில் என்ன நடந்தது?

இந்த விவகாரத்தைப் புரிந்துகொள்ள அதானி எண்டர்பிரைசஸ் வழக்கு நல்ல உதாரணம்.

தங்கள் நிறுவனத்தைப் பற்றி அவதூறான செய்திகள் வெளியிடப்படுவதாகக் கூறி, பத்திரிகையாளர் பரஞ்ஜோய் குஹா தாகுர்தா உள்ளிட்டோர் மீது அந்த நிறுவனம் டெல்லி ரோஹிணி நீதிமன்றத்தில் வழக்கு தொடர்ந்தது. செப்டம்பர் 6-ஆம் தேதி, எதிர்தரப்பின் வாதத்தைக் கேட்காமலேயே இடைக்காலத் தடை பிறப்பிக்கப்பட்டது. வழக்கில் பெயர் குறிப்பிடப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, பெயர் தெரியாத மற்றவர்களுக்கும் சேர்த்தே வந்த உத்தரவு இது. சட்ட மொழியில் இதை 'ஜான் டோ' உத்தரவு என்பார்கள்.

செப்டம்பர் 16-ஆம் தேதி, அந்த உத்தரவைச் சுட்டிக்காட்டி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் கடிதம் அனுப்பியது. 138 யூடியூப் லிங்க்குகள், 83 இன்ஸ்டாகிராம் பதிவுகள் அந்தப் பட்டியலில் இருந்தன. நியூஸ்லாண்ட்ரி, தி வயர், ரவீஷ் குமார், துருவ் ராத்தி, அபிசார் சர்மா எனப் பலரின் வீடியோக்கள் அதில் அடக்கம். இவர்களில் பலர் அந்த வழக்கில் எதிர்தரப்பே அல்ல. இரண்டு தரப்புக்கு இடையிலான சிவில் வழக்கில் அமைச்சகத்துக்கு என்ன வேலை என்ற கேள்வியும் எழுந்தது.

இரண்டே நாளில் காட்சி மாறியது. ரவி நாயர் உள்ளிட்ட 4 பத்திரிகையாளர்களின் மேல்முறையீட்டில், செப்டம்பர் 18-ஆம் தேதி மாவட்ட நீதிபதி ஆஷிஷ் அகர்வால் அவர்கள் மீதான தடையை ரத்து செய்தார். நீண்ட காலமாகப் பொதுவெளியில் இருக்கும் கட்டுரைகளை நீக்கச் சொல்லும் முன் அவர்கள் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும், ஒருமுறை நீக்கிவிட்டால் பிறகு அவதூறு இல்லை என்று முடிவானாலும் அவற்றை மீட்பது கடினம் என்பது அவர் சொன்ன காரணம்.

தங்கள் மீதான குற்றச்சாட்டுகள் பொய்யானவை, முதலீட்டாளர்களின் நம்பிக்கையைக் குலைப்பவை என்பது அதானி தரப்பின் வாதம்.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் நீக்கம், பிறகு விசாரணை. பெரும்பாலான சர்ச்சைகளின் மையமே இதுதான்.

ஒரு வீடியோ நீக்கப்பட எத்தனை வழிகள் உள்ளன?

மூன்று வழிகள் உள்ளன. அரசு உத்தரவு, நீதிமன்ற உத்தரவு, யூடியூபின் சொந்த விதிகள். மூன்றுக்கும் சட்டம் வேறு, அப்பீல் செய்யும் இடமும் வேறு.

வழி 1: அரசு உத்தரவு

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, இணைய உள்ளடக்கங்களை முடக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே இதைப் பயன்படுத்த முடியும். 'அவதூறு' என்பது இந்தப் பட்டியலில் இல்லை. 'அரசை விமர்சித்தார்' என்பதும் இல்லை.

இந்தப் பிரிவு செல்லும் என்று 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு நீதிமன்றம் சொன்ன முக்கியக் காரணம், 2009-ஆம் ஆண்டு விதிகளில் பாதுகாப்பு அம்சங்கள் இருக்கின்றன என்பதுதான். உத்தரவில் எழுத்துப்பூர்வமாகக் காரணம் சொல்ல வேண்டும். பதிவிட்டவரை அடையாளம் காண முடிந்தால் நோட்டீஸ் தர வேண்டும்.

நடைமுறையில் சிக்கல் எங்கே? அதே விதிகளில் அவசரநிலையில் நோட்டீஸ் இல்லாமலேயே முடக்க 9-வது விதி இடம் தருகிறது. புகாரும் நடவடிக்கையும் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது 16-வது விதி. விளைவு, தன் சேனல் எதற்காக முடக்கப்பட்டது என்பது சேனல் உரிமையாளருக்கே தெரியாமல் போகிறது.

பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரல் இறுதியில் '4பிஎம்' என்ற இந்தி யூடியூப் சேனல் முடக்கப்பட்டது. 70 லட்சத்துக்கும் அதிகமான சந்தாதாரர்கள் கொண்ட, அரசைக் கடுமையாக விமர்சிக்கும் சேனல் அது. தேச பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற ஒரு வரி மட்டுமே காரணமாகக் காட்டப்பட்டது. உத்தரவின் நகல்கூட தரப்படவில்லை என்று அதன் ஆசிரியர் சஞ்சய் சர்மா உச்ச நீதிமன்றம் சென்றார். நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பிய சில நாட்களில், முடக்க உத்தரவு திரும்பப் பெறப்பட்டுவிட்டது என்ற தகவல் வந்தது.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. பிரதமர் மோதி பற்றிய கார்ட்டூன் ஒன்றுக்காக 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் முழுவதுமாக முடக்கப்பட்டதும் இதே 69ஏ பிரிவின் கீழ்தான். ஒரு படத்துக்காக மொத்தத் தளத்தையும் முடக்குவதா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அந்தக் கார்ட்டூனை தற்காலிகமாக நீக்கச் சொல்லி, தளத்தின் மீதான முடக்கத்தை விலக்க மார்ச் 6-ஆம் தேதி நீதிமன்றம் உத்தரவிட்டது.

69ஏ தவிர இன்னொரு பாதையும் உண்டு. பயனர்களின் பதிவுகளுக்கு யூடியூப் போன்ற தளங்கள் பொறுப்பல்ல என்ற பாதுகாப்பை 79-வது பிரிவு தருகிறது. அரசு சுட்டிக்காட்டியும் சட்டவிரோதப் பதிவை நீக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இதற்காகவே உள்துறை அமைச்சகத்தின் 'சஹயோக்' போர்ட்டல் இயங்குகிறது. இதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் தொடர்ந்த வழக்கை 2025 செப்டம்பர் 24-ஆம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதன்பின், மத்திய அரசில் இணைச் செயலர், காவல்துறையில் டிஐஜி நிலைக்குக் குறையாத அதிகாரிகளே இப்படி நோட்டீஸ் அனுப்ப முடியும் என்று விதி திருத்தப்பட்டு, 2025 நவம்பர் 15 முதல் அமலுக்கு வந்தது.

வழி 2: நீதிமன்ற உத்தரவு

ஒரு வீடியோ தன்னை அவதூறு செய்கிறது என்று நினைப்பவர் நீதிமன்றம் போவது அவரது உரிமை. பிரச்சனை, வழக்கு முடியும் முன்பே வரும் இடைக்காலத் தடையில்தான்.

2024 மார்ச்சில் புளூம்பெர்க் - ஜீ நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. முழு விசாரணைக்கு முன் ஒரு செய்தியைத் தடுப்பது எழுதுபவரின் உரிமையையும் பொதுமக்கள் தெரிந்துகொள்ளும் உரிமையையும் பாதிக்கும், விதிவிலக்கான சூழலில் மட்டுமே அப்படிச் செய்ய வேண்டும் என்றது. பண பலம் உள்ளவர்கள் நீண்ட வழக்குகளைப் போட்டு விமர்சகர்களை முடக்கும் போக்கையும் அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. அப்படியிருந்தும் கீழமை நீதிமன்றங்களில் ஒருதலைப்பட்சத் தடைகள் தொடர்கின்றன.

நீக்கம் எந்த எல்லை வரை செல்லும் என்பது அடுத்த கேள்வி. பொதுவாக நீதிமன்றம் சொன்னால் இந்தியாவில் மட்டும் தெரியாதபடி யூடியூப் மறைக்கும். ஆனால் பாபா ராம்தேவ் தொடர்ந்த வழக்கில், இந்தியாவிலிருந்து பதிவேற்றிய வீடியோ என்றால் உலகம் முழுவதும் நீக்க வேண்டும் என்று 2019 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

வழி 3: யூடியூபின் சொந்த விதிகள்

யூடியூபின் சமூக விதிகளை மீறினால் முதல் முறை எச்சரிக்கை. அதன்பிறகு முதல் ஸ்ட்ரைக் என்றால் ஒரு வாரம் வீடியோ போட முடியாது. இரண்டாவது என்றால் இரண்டு வாரம். 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே காலி. பல ஆண்டு உழைப்பும் வருமானமும் அதோடு போய்விடும்.

சேனல் நடத்துபவர்கள் இதைவிட அதிகம் பயப்படுவது காப்பிரைட் ஸ்ட்ரைக்குக்குத்தான். ஊழல் குற்றச்சாட்டை விளக்க ஒரு தலைவரின் பேட்டியையோ செய்திக் காட்சியையோ சில நொடிகள் காட்ட வேண்டியிருக்கும். நடப்புச் செய்தி, விமர்சனம் ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்கிறது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு. ஆனால் உரிமையாளர் புகார் கொடுத்தால், யூடியூப் பெரும்பாலும் முதலில் வீடியோவைத் தூக்கிவிடும். 'நியாயமான அளவா' என்ற வாதமெல்லாம் அப்புறம்தான்.

2025 மே மாதம் யூடியூபர் மோஹக் மங்கல், சில நொடிக் காட்சிகளுக்காகத் தன் சேனலுக்கு ஸ்ட்ரைக் கொடுத்துவிட்டு ஏஎன்ஐ செய்தி நிறுவனம் லட்சக்கணக்கில் பணம் கேட்டதாகக் குற்றம்சாட்டினார். சட்டப்படி தங்கள் உரிமையையே கேட்கிறோம் என்றது ஏஎன்ஐ. அவர் மீது அவதூறு வழக்கும் தொடர்ந்தது. அந்த வழக்கில் வீடியோவின் சில பகுதிகளை நீக்க டெல்லி உயர் நீதிமன்றம் அவரிடம் கூறியது.

ஒரே மாதிரி வீடியோ, வேறு வேறு முடிவு - ஏன்?

முதல் காரணம், எண்ணிக்கை. 2023 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் மட்டும் இந்தியாவில் 22 லட்சத்துக்கும் அதிகமான வீடியோக்களை யூடியூப் நீக்கியது. உலகிலேயே அதிகம் இதுதான். மோசடி, குழந்தைகள் பாதுகாப்பு உள்ளிட்ட பல காரணங்கள் இதில் அடக்கம். அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் நீக்கப்பட்டவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் முதலில் கண்டுபிடித்தது மனிதர்கள் அல்ல, இயந்திரங்கள். வன்முறையைத் தூண்டும் வீடியோவுக்கும் வன்முறையை அம்பலப்படுத்தும் வீடியோவுக்கும் உள்ள வித்தியாசம் இயந்திரத்துக்கு எப்போதும் புரிவதில்லை.

இரண்டாவது, யூடியூப் தானாகத் தேடிச்சென்று அவதூறை நீக்குவதில்லை. புகாரில் எந்த லிங்க் இருக்கிறதோ அது மட்டும் போகும். அதே செய்தியைச் சொல்லும் மற்றவை பட்டியலில் இல்லாததால் தப்பிக்கும்.

மூன்றாவது, விதிகளே மாறுகின்றன. பொதுநலன் சார்ந்த வீடியோ என்றால், அதில் பாதி வரை விதிமீறல் இருந்தாலும் விட்டுவிடலாம் என்று 2024 டிசம்பரில் யூடியூப் தன் பணியாளர்களுக்குச் சொன்னதாக நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. அதற்கு முன் இந்த அளவு கால் பங்கு. நேற்று நீக்கப்பட்டது இன்று தப்பிக்கலாம் என்பதுதான் இதன் பொருள்.

வெளிநாடுகளில் நிலை என்ன?

ரஷ்யாவில் அலெக்ஸி நவல்னி 2021 ஜனவரியில் வெளியிட்ட 'புதினின் அரண்மனை' ஊழல் வீடியோ 10 கோடி பார்வைகளைத் தாண்டியது. யூடியூப் அதை நீக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த தேர்தலின்போது, யாருக்கு வாக்களிக்கலாம் என்று அவரது குழு வெளியிட்ட வீடியோ ரஷ்யாவில் முடக்கப்பட்டது. ஊழியர்களைக் கைது செய்வோம் என்று அதிகாரிகள் மிரட்டியதாக அப்போது செய்திகள் வந்தன.

பாகிஸ்தானில் 27 யூடியூப் சேனல்களை முடக்க 2025-இல் இஸ்லாமாபாத் நீதிமன்றம் ஒன்று உத்தரவிட்டது. பத்திரிகையாளர்கள், இம்ரான் கானின் கட்சி ஆகியோரின் சேனல்களும் அதில் இருந்தன. ஜூலையில் மேல் நீதிமன்றம், இரண்டு பத்திரிகையாளர்கள் தொடர்பாக அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.

அப்படியென்றால் எதையுமே நீக்கக் கூடாதா?

அப்படிச் சொல்ல முடியாது. ஆதாரமே இல்லாமல் 'அம்பலம்' என்று தலைப்பு வைத்துப் பார்வைகளை அள்ளும் சேனல்களும் இருக்கின்றன. பொய்க் குற்றச்சாட்டால் ஒருவரின் பெயரும் தொழிலும் நாசமாகலாம். அவருக்கும் நிவாரணம் வேண்டும்.

எதை நீக்கலாம் என்பதைவிட எப்படி நீக்குவது என்பதே இங்கு முக்கியம். காரணத்தைச் சொன்னார்களா, எதிர்தரப்பைக் கேட்டார்களா, பிரச்சனைக்குரிய பகுதியை மட்டும் நீக்கினார்களா, மொத்த சேனலையுமா என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாதபோதுதான் சந்தேகம் எழுகிறது. தேர்தல் நேரத்தில் முடக்கப்பட்ட வீடியோ ஆறு மாதம் கழித்து திரும்பி வந்து யாருக்கு என்ன பயன்?

சேனல் நடத்துபவர்கள் என்ன செய்யலாம்?

- யூடியூப் அனுப்பும் மின்னஞ்சலை முழுமையாகப் படியுங்கள். நீக்கச் சொன்னது அரசா, நீதிமன்றமா, தனிநபரா என்பது அதில் தெரியும். உத்தரவின் நகலை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.
- அரசு உத்தரவு என்றால், அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.
- நீதிமன்றத் தடை என்றால், அந்த வழக்கில் நீங்கள் எதிர்தரப்பாக இல்லாவிட்டாலும் உங்கள் தரப்பைக் கேட்கச் சொல்லி மனு போடலாம்.
- காப்பிரைட் ஸ்ட்ரைக் என்றால் எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். அமெரிக்க வேலை நாள் கணக்கில் 10 நாட்களுக்குள் புகார்தாரர் வழக்கு தொடர்ந்ததற்கான ஆதாரத்தைக் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். இது சட்டப்பூர்வமான ஆவணம் என்பதால் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.
- யூடியூபின் குறைதீர்ப்பு அதிகாரியின் பதிலில் திருப்தி இல்லையா? 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் ஆன்லைனில் முறையிடலாம்.
- மூல வீடியோ, ஆவணங்கள், சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதம் ஆகிய மூன்றையும் யூடியூபுக்கு வெளியே பத்திரமாக வையுங்கள். நீதிமன்றத்தில் கைகொடுப்பது இவைதான்.

பார்வையாளர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

திரையில் வரும் அந்த ஒற்றை வரியை. 'அரசின் உத்தரவு' என்று இருந்தால் முதல் வழி. 'சட்டப்பூர்வ புகார்' என்றால் பெரும்பாலும் நீதிமன்றமோ அவதூறுப் புகாரோ. 'காப்பிரைட்' என்றால் புகார் கொடுத்தவரின் பெயரும் பொதுவாக இருக்கும். 'பதிவேற்றியவரே நீக்கிவிட்டார்' அல்லது 'தனிப்பட்ட வீடியோ' என்றால், முடிவெடுத்தது சேனல்தான். அது தவறைத் திருத்தியதாகவும் இருக்கலாம், வழக்குக்குப் பயந்ததாகவும் இருக்கலாம்.

'யூடியூப் விலைபோய்விட்டது', 'அரசு முடக்கிவிட்டது' என்று பகிரும் முன் இந்த வரியைப் பாருங்கள். யாரிடம் கேள்வி கேட்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் தொடங்குகிறது.