தேரில் இருந்த அருச்சுனனும் மரத்தில் ஏறிய அருச்சுனனும்

ஆன்மிகத் தேடல்னு சொன்னதும் எங்க வயசுப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு இப்ப முதல்ல ஞாபகம் வருவது பகவத் கீதை. போனில் தினம் ஒரு சுலோகம், பொருளோடும் பின்னணி இசையோடும் வந்து விழுகிறது. பரீட்சைப் பயம், வேலை கிடைக்காத கவலை, காதல் தோல்வி என்று எல்லாவற்றுக்கும் கண்ணன் தேரில் இருந்தபடியே பதில் சொல்கிறார். இதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. மனசு கலங்கி நிற்கிற ஒருத்தருக்குப் பழைய நூல் ஒன்று கைகொடுக்குதுன்னா நல்லதுதானே?

ஆனா வரலாறு படிக்கிறவங்க கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கு. நமுனுகுல மலைச் சரிவில, ஸ்பிரிங்வெளி மாதிரியான தோட்டங்களில் வாழ்ந்த எங்க பாட்டன் பூட்டன்மாருக்கும் அருச்சுனனைத் தெரியும். அவங்களுக்குத் தெரிஞ்ச அருச்சுனன் தேரில் இருந்து உபதேசம் கேட்டவன் இல்லை. மரத்தில் ஏறியவன்.

மலையகத் தோட்டங்களில் ஆடப்பட்ட ‘அருச்சுனன் தபசு’ கூத்தைத்தான் சொல்றேன். பாரதத்தின் வனபருவத்தில் அருச்சுனன் சிவனிடம் பாசுபதாஸ்திரம் வேண்டித் தவம் செய்கிற கதை அது. கூத்தில் அந்தத் தவத்துக்காக உயரமான ஒரு மரத்தை நட்டு, படி கட்டுவாங்க. வேஷம் கட்டியவர் விரதம் இருந்து, படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே சனம் விடிய விடிய உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். மறுநாள் கொழுந்து பறிக்கவும் மலையில் வேலை செய்யவும் போக வேண்டிய சனம்.

ஒரே வீரன், ஒரே இதிகாசம். பிறகு எப்படி இரண்டு அருச்சுனன்?

கீதை எப்போதும் மதிக்கப்பட்ட நூல்தான். சங்கரர், ராமானுசர் எல்லாரும் அதற்கு உரை எழுதினாங்க. ஆனா சாதாரண மனுஷன் தனியாக உட்கார்ந்து வாசித்து, தன் வாழ்க்கைக்கு விடை தேடுகிற கைநூலாக அது பரவியதில் அச்சுக்கும் மொழிபெயர்ப்புக்கும் பெரிய பங்கு இருக்கு. சார்லஸ் வில்கின்ஸ் அதை 1785இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1885இல் எட்வின் ஆர்னால்டின் கவிதை மொழிபெயர்ப்பு வந்தது. லண்டனில் சட்டம் படித்த காந்தி முதன்முதலாகக் கீதையைப் படித்தது அந்த ஆங்கிலப் புத்தகத்தின் வழியாகத்தான். 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்தபோது அவர் பதுளைக்கும் வந்தார். குசராத்தில் பிறந்த ஒருவர் லண்டனில் ஆங்கிலத்தில் கண்டெடுத்த நூலைத் தன் வாழ்க்கைக்கு அகராதி மாதிரி வைத்துக்கொண்டு எங்க மலைக்கு வந்து நிற்கிறார். நவீன ஆன்மிகத் தேடலின் பாதை இவ்வளவு சுற்றுப்பாதை. தமிழ்ப் பக்கம் பார்த்தால், வில்லிபுத்தூரார் தன் பாரதத்தில் கீதையை விரித்துப் பாடவே இல்லை. மிகச் சுருக்கமாகக் கடந்து போய்விடுகிறார். எங்க சனத்துக்குத் தேர் அருச்சுனனை விட மர அருச்சுனன் நெருக்கமாக இருந்ததில் ஆச்சரியம் என்ன?

தோட்டத்துக்குள்ளே வேத நூல்கள் வந்த விதமே வேறு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும், அது இலைநோயில் அழிந்த பிறகு தேயிலைக்கும் ஆட்களைக் கங்காணிமார் கூட்டி வந்தாங்க. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களில் இருந்து வந்த அவங்க கையில் புத்தகப் பெட்டி இருக்கல்ல. எழுத்தறிவும் பெரும்பாலானவங்களுக்கு இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970களில்தான். ஆகவே புராணம் நாக்கில் வந்தது, தப்பு அடியில் வந்தது. பிறகு எழுதத் தெரிந்த ஒருத்தர் பழைய கொப்பியில் எழுதி வைத்து, கூத்து வாத்தியார் ஆனார்.

காமன் கூத்தை எடுத்துக்கொள்வோம். மாசி மாதத்தில் காமன் ஊன்றி, நாள்கணக்கில் ஆடி, கடைசியில் மன்மதனை எரிப்பாங்க. பிறகு அவன் உயிர்த்தெழுவான். இதே கதை கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் ‘காமதகனப் படல’மாக இருக்கு. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் கந்தபுராணத்தை வாசிக்க இன்னொருவர் பயன் சொல்வார். அங்கே அது ஏட்டில் இருந்து வந்தது. இங்கே அதே கதையை உடம்பால் படித்தாங்க.

அந்தக் கதையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சூரபன்மனால் துன்பப்பட்ட தேவர்களுக்கு யோகத்தில் இருக்கிற சிவனின் கண் திறக்க வேண்டும். அதற்கு அவங்க போகல்ல, மன்மதனை அனுப்புறாங்க. அவனுக்கு விருப்பம் இல்லை, ஆனா மேலிடத்துக் கட்டளை. “போகாதீங்க”ன்னு ரதி கெஞ்சுறா. போனவன் சாம்பல் ஆகிறான். வேலை முடிந்தது, அனுப்பியவங்களுக்கு ஒன்றும் ஆகல்ல. துரை சொல்ல, கங்காணி ஏவ, மலைக்குப் போய் அட்டைக் கடியிலும் குளிரிலும் செத்தவங்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் யார் யார் என்று விளக்கவா வேண்டும்? கூத்தின் உச்சமே ரதியின் ஒப்பாரிதான். ‘என் புருசன் செய்த குற்றம் என்ன?’ என்று கடவுளையே கேட்கிற அந்தக் கேள்விக்காகத்தான் சனம் கண் விழித்து உட்கார்ந்திருந்தது என்று நான் நினைக்கிறேன்.

எந்த நூலிலும் இடம் கிடைக்காத சாமிகளும் தோட்டத்தில் உண்டு. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் தொழிலுக்குக் கவ்வாத்துசாமி. தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி. இவங்களுக்குப் புராணம் இல்லை, சுலோகம் இல்லை. கத்தி நழுவக் கூடாது, இயந்திரத்தில் கை சிக்கக் கூடாது என்ற பயமும் வேண்டுதலும்தான் வேதம்.

இப்ப இதைப் பார்த்து, “இதெல்லாம் மூடநம்பிக்கை, மூல நூலுக்குத் திரும்புவோம்” என்கிற குரல் எங்க பக்கமும் கேட்குது. இதுவும் புதுக் குரல் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) அச்சுக்கூடம் வைத்து, பெரியபுராணத்தை வசனமாக்கி, பள்ளிக்கூடப் பிள்ளையும் வாசிக்கும்படி சைவ நூல்களைக் கொடுத்தார். பெரிய வேலை அது. அதே கையோடு ஆகமத்துக்கு ஒவ்வாத வழிபாடுகளையும் உயிர்ப்பலியையும் கடுமையாகக் கண்டித்தார். அச்சில் இருப்பதுதான் சமயம், தப்போடு ஆடுவது அதற்குக் கீழே என்ற தரவரிசை இப்படியும் வலுப்பட்டது. நூல் சனத்தின் கைக்கு வந்தது. சனம் ஏற்கெனவே வைத்திருந்த நூல் நூலாகக் கணக்கில் வரல்ல.

அதற்காகப் பழைய காலம் பொற்காலம்னு சொல்ல வரல்ல. காமன் பொட்டல் ஆம்பிளைகளின் இடமாகத்தான் இருந்தது. ரதியையும் ஒரு ஆண்தான் ஆடினார். கூத்தின் உயிரே தப்புதான், ஆனா அதை அடித்தவங்களைச் சாதி சொல்லி ஒதுக்கியும் வைத்தாங்க. இன்றைக்கு லயத்துக் காம்பராவில் ஒரு பெண்பிள்ளை யாரிடமும் அனுமதி கேட்காமல் போனில் கீதையோ திருவாசகமோ வாசிக்கலாம், தன் கேள்வியைத் தானே கேட்கலாம். இந்தச் சுதந்திரம் சின்ன விஷயம் இல்லை. இதைத் தந்தது அச்சும் பள்ளிக்கூடமும்தான்.

ஆனா தனியே வாசிக்கும்போது ஒன்று கை நழுவுது. போனில் வருகிற சுலோகம் எனக்குப் பதில் சொல்லுது, என்னை அமைதியாக்குது, ‘உன் கடமையைச் செய்’ என்குது. ரதியின் ஒப்பாரி அமைதியாக்கல்ல. கட்டளை போட்டவன் யார், எரிந்தவன் யார் என்று ஊரே கூடி இருக்கும் இடத்தில் உரக்கக் கேட்டது. நாட்சம்பளத்துக்காக இன்னமும் போராடுகிற ஒரு சமூகத்துக்கு ‘பலனை எதிர்பாராதே’ என்ற வரி மட்டும் தனியாக வந்து சேர்ந்தால் அதன் அர்த்தம் என்ன ஆகும்? கீதையின் குற்றம் இல்லை அது. அதை எங்கிருந்து, யாரோடு உட்கார்ந்து வாசிக்கிறோம் என்பதுதான் விஷயம்.

எங்க பாட்டுக் கொப்பிகள் பல போய்விட்டன. 1948 சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. குடும்பங்களே இரண்டாகப் பிரிந்தபோது கூத்துக் குழுக்கள் மட்டும் முழுசாக இருந்திருக்குமா? சி.வி. வேலுப்பிள்ளை மாதிரி ஆட்கள் தொகுத்து வைத்த மலைநாட்டுப் பாடல்கள் இல்லையென்றால் இன்னும் எவ்வளவோ காணாமல் போயிருக்கும்.

ஆகவே கீதையை வாசிங்க, நானும் வாசிக்கிறேன். கூடவே தோட்டத்தில் காமன் பாட்டுத் தெரிந்த தாத்தா ஒருத்தர் இருந்தா, அவர் பாடுவதைப் போனில் பதிவு செய்யுங்க. ஒப்பாரி தெரிந்த அம்மாயி இருந்தா அவங்களையும் சேர்த்துக் கேளுங்க, ரதியின் பாட்டை இவ்வளவு நாளும் அவங்க வாயால் யாரும் கேட்டுப் பார்க்கல்ல. சுலோகம் வருகிற அதே போனில் அதுக்கும் இடம் இருக்கு.