அரிக்கமேட்டில் ஒரு சயாம் குருமடம்

சென்ற இதழில் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகனை அலெக்சாந்திரியாவில் விட்டுவிட்டு வந்தோம். தந்தை லியோனிடஸ் கி.பி. 202இல் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார். குடும்பச் சொத்து பறிபோயிற்று. பதினெட்டே வயதான பிள்ளை ஊரின் கிறிஸ்தவப் பள்ளிக்குத் தலைவனாகி, கையிலிருந்த கிரேக்க நூல்களையெல்லாம் விற்று, வாங்கியவர் நாள்தோறும் தந்த நான்கு ஒபோல் காசில் வயிற்றைக் கழுவினான். அந்தப் பள்ளிக்கு ஒரிகன் முதல் ஆசிரியர் அல்லர். அவருக்கு முன்னால் கிளமென்ட். கிளமென்டுக்கும் முன்னால் பந்தேனுஸ். இந்த வாரம் பந்தேனுஸைப் பிடித்துக்கொண்டு புதுச்சேரி வரை வந்துவிடலாம் என்று எனக்கொரு ஆசை இருந்தது. அது எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்போம்.

பந்தேனுஸ் ஸ்டோயிக் தத்துவம் படித்தவர். 180 வாக்கில் அலெக்சாந்திரியாவில் கற்பித்துக்கொண்டிருந்தார். பள்ளி என்றதும் மதிலும் மணியும் கற்பனை செய்ய வேண்டாம். ஆசிரியர் எந்த வீட்டில் உட்கார்ந்தாரோ அந்த வீடுதான் பள்ளி. ஞானஸ்நானத்துக்குக் காத்திருப்பவர்கள் வருவார்கள். கிறிஸ்தவத்தில் சேரும் எண்ணமே இல்லாமல் விவாதத்துக்காக வருகிறவர்களும் உண்டு. ஒரிகன் காலத்தில் பெண்களும் வந்து படித்தார்கள். வேதமும் பிளேட்டோவும் ஒரே இடத்தில் பேசப்பட்டன. அதுதான் அந்தப் பள்ளியின் துணிச்சல். பிற்காலத்தில் ஒரிகனை வம்பில் மாட்டிவிட்டதும் அதுதான்.

இந்தப் பந்தேனுஸ் இந்தியாவுக்குப் போனார் என்று எழுதிவைத்தவர் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ். அங்கே ஏற்கெனவே மத்தேயுவின் நற்செய்தி எபிரேய எழுத்தில் இருந்ததாகவும், பர்த்தலோமேயு என்ற சீடர் அதைக் கொடுத்துச் சென்றதாகவும் அவர் சொல்கிறார். ஜெரோம் இன்னும் ஒருபடி மேலே போய், பிராமணர்களிடம் போதிக்கவே ஆயர் அவரை அனுப்பினார் என்கிறார். யூசேபியஸ் எழுதியது பந்தேனுஸ் காலத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து. ஜெரோம் அதற்கும் பின்னால். கதை பயணம் செய்யச் செய்யச் சுமை கூடியிருக்கிறது. தவிர, அந்தக் காலத்து மேற்கத்திய எழுத்தில் ‘இந்தியா’ என்பது தெற்கு அரேபியாவாகவும் இருக்கலாம், எத்தியோப்பியாவாகவும் இருக்கலாம்.

ஆனாலும் ஒருவர் அலெக்சாந்திரியாவிலிருந்து பழந்தமிழகக் கரைக்கு வருவது அப்போது அதிசயம் அல்ல. முசிறி வணிகத்துக்காகப் போட்ட ஒரு கடன் ஒப்பந்தம் 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸில் நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. ஹெர்மபோலோன் என்ற கப்பல் பெயரோடு. சரக்கு செங்கடல் துறையில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, நைல் நதியில் படகேறி, அலெக்சாந்திரியாவில் சுங்கம் கட்டியது. பந்தேனுஸ் தெருவில் நடந்தபோது மிளகு வாசனை மூக்கில் ஏறாமல் இருந்திருக்காது. அவருடைய மாணவர் கிளமென்ட் தம் நூலில் பிராமணர்களையும் புத்தரையும் குறிப்பிடுகிறார். புத்தரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட கிரேக்க எழுத்தாளர்களில் அவரே மிகப் பழையவர் என்று சொல்வார்கள்.

இந்தக் கடல் வழியின் கிழக்கு முனைகளில் ஒன்று நம் அரிக்கமேடு. செங்கடல் வழிகாட்டி நூலில் வரும் பொதுகே இதுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் இங்கே தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ பாணிச் சிவப்புத் தட்டுகளின் ஓடுகளும் மதுச்சாடிகளின் உடைசல்களும் வந்தன. அவருக்குப் பின் கசால் என்ற பிரெஞ்சுக்காரர் 1947 முதல் 1950 வரை தோண்டினார். தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் இங்கே உண்டு. ஆகவே பந்தேனுஸ் இங்கே வந்து இறங்கினார் என்று எழுதிவிட எந்தக் கைக்கும் அரிப்பு எடுக்கும். ஒரு சான்றும் இல்லை. வந்திருந்தாலும் மலபார்க் கரைக்கு வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். என் ஆசையை இங்கேயே இறக்கி வைத்துவிடுகிறேன்.

ஏனென்றால் அதே மேட்டில் சான்றுள்ள ஒரு பள்ளியே இருந்தது.

காக்காயந்தோப்புப் பக்கமாக அரிக்கமேட்டுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: அரியாங்குப்பம் ஆற்றை ஒட்டி, மரங்களுக்கு நடுவே ஓர் இடிந்த செங்கல் சுவர். ரோமாபுரிக் கிடங்கு என்று நினைத்துக்கொண்டு அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தரைக்கு மேலே தெரிகிற அந்தச் சுவருக்கும் ரோமாபுரிக்கும் சம்பந்தமில்லை. அது 1770களின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட குருமடத்தின் மிச்சம். ரோமானியத் தடயங்கள் எல்லாம் மண்ணுக்குக் கீழே.

இந்தக் குருமடம் பிறந்தது சயாமில். பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த லம்பேர் த லா மோத், பிரான்சுவா பல்லு இருவரும் 1660களில் தலைநகர் அயுத்தயாவில் மன்னர் நாராய் கொடுத்த நிலத்தில் இதைத் தொடங்கினார்கள். அந்தந்த நாட்டுப் பிள்ளைகளையே குருக்களாக்க வேண்டும், ஐரோப்பாவிலிருந்து ஆள் இறக்கிக்கொண்டே இருக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. சீனப் பிள்ளைகள், தொன்கினிலிருந்தும் கொச்சின்சீனாவிலிருந்தும் வந்த வியட்நாமியப் பிள்ளைகள், சயாமியப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் படித்தார்கள். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாது. பொதுமொழி லத்தீன், பாடத்துக்கு மட்டுமல்ல, சாப்பாட்டு மேசைக்கும் அதுதான்.

நூறு வருஷம் ஓடியது. பிறகு பர்மியப் படை வந்தது. 1767இல் அயுத்தயா எரிந்து தரைமட்டமானது. அதற்கு முன்பே ஆசிரியர்களும் மாணவர்களும் தப்பி, இன்றைய வியட்நாமின் ஹா தியெனுக்கு அருகே ஹோன் தாத் என்ற இடத்தில் மூங்கில் குடிசை போட்டிருந்தார்கள். அங்கே தலைமைக்கு வந்தவர் பிஞ்ஞோ த பெஹேன். வட பிரான்சில் 1741இல் பிறந்தவர், அப்போது முப்பதைத் தொடாதவர். சயாம் இளவரசன் ஒருவனுக்கு இடம் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டில் கழுத்தில் மரச்சட்டம் மாட்டிச் சிறையில் கிடந்தார். விடுதலையான பிறகு 1769இல் கொள்ளைக்காரர்கள் குருமடத்தையே தாக்கினார்கள். எஞ்சியவர்களைத் திரட்டிக்கொண்டு மலாக்கா வழியாக 1770இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

அந்தப் புதுச்சேரியும் அடிபட்ட ஊர்தான். 1761இல் ஆங்கிலேயர் பிடித்துக் கோட்டையையும் சம்பா கோயிலையும் இடித்துத் தள்ளியிருந்தார்கள். பாரிஸ் உடன்படிக்கைப்படி 1765இல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. செங்கல்லும் சுண்ணாம்பும் தேடி ஊரே அலைந்துகொண்டிருந்த காலம். ஊருக்குத் தெற்கே, வீராம்பட்டினத்து ஆற்றங்கரை மேடு குருமடத்துக்குக் கிடைத்தது. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கவந்து மேகத்தால் ஏமாந்த வானியலாளர் லெ ஜான்தி, இந்தக் கரையில் ஊரார் பழைய பெரிய செங்கற்களை எடுத்துக்கொண்டிருந்ததைக் குறித்துவைத்திருக்கிறார். பக்கத்து வெளியில் மணலில் பாதி புதைந்த ஒரு புத்தர் சிலையையும். சயாம் பிள்ளைகள் அந்தச் சிலையைப் பார்த்தார்களா என்பதற்குக் குறிப்பு இல்லை. பார்த்திருந்தால் ஊர் நினைவு வராமல் இருந்திருக்குமா?

வீராம்பட்டினம் என்றால் புதுச்சேரிக்காரர்களுக்கு இன்று செங்கழுநீரம்மன் ஆடித் தேர்தான். அந்த ஊர் மீனவர்கள், லத்தீனில் பேசிக்கொண்டு ஆற்றங்கரையில் நடமாடிய சீனப் பையன்களைப் பார்த்து என்ன பெயர் வைத்தார்கள் என்று தெரிந்தால் நான் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுப்பேன்.

பிஞ்ஞோ இங்கே சும்மா இருக்கவில்லை. கொச்சின்சீன மாணவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வியட்நாமிய–லத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்து 1773இல் முடித்தார். ஆசிரியர், சீடன் என்ற உறவு இந்த வேலையில் தலைகீழாகியிருக்க வேண்டும். ஒரு சொல் எந்தத் தொனியில் எந்தப் பொருள் தருகிறது என்று சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பிள்ளைகள். கேட்டு எழுத வேண்டியவர் சாமியார். ஒரிகன் வேதத்தின் எபிரேய மூலத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளாக அருகருகே எழுதிவைத்தபோதும் யூத அறிஞர்களிடம் போய்க் கேட்டுத்தான் செய்தார். மாணவர்கள் பெயர் அகராதியின் முகப்பில் இல்லாமல் போனது எனக்கு உறுத்துகிறது. உழைப்பில் பெரும்பங்கு அவர்களுடையது.

1774 பிப்ரவரி 24 அன்று மயிலாப்பூர் சாந்தோமில் பிஞ்ஞோ ஆயராக அபிஷேகம் பெற்றார். பிறகு மக்காவ் வழியாகக் கொச்சின்சீனாவுக்குத் திரும்பினார். பின்னாளில் அங்கே ஆட்சி இழந்த நுயென் ஆன் என்பவரின் சிறு மகனைக் கூட்டிக்கொண்டு 1785இல் மறுபடியும் புதுச்சேரிக்கு வந்தார், படை உதவி கேட்டு. பிரெஞ்சு அரசு 1787இல் வெர்சாயில் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது. புதுச்சேரி கவர்னர் கான்வே அதை நிறைவேற்ற மறுத்தார். அரசியல் கதை அது, இத்தொடருக்கு வேண்டாம்.

குருமடம் என்ன ஆயிற்று? சீனாவிலிருந்தும் தொன்கினிலிருந்தும் மாணவர்களை வங்காள விரிகுடா கடந்து கொண்டுவருவது செலவும் ஆபத்தும் கொண்ட காரியம். 1778இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை மீண்டும் பிடித்தார்கள். 1780களின் தொடக்கத்தில் சபையார் பள்ளியை மூடினார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷ வாழ்வுதான். 1808இல் பினாங்கில் அதே பள்ளியை மறுபடி திறந்தார்கள். ‘பொதுக் கல்லூரி’ என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. புதுச்சேரியில் சபை பின்னால் வேறு நிறுவனங்களைக் கட்டியது. 1844இல் தொடங்கிய பெத்தி செமினேர் இன்றும் புதுச்சேரிப் பிள்ளைகள் பள்ளிப்பை மாட்டிக்கொண்டு போகும் இடம். வீராம்பட்டினத்துக் குருமடத்துக்கு மட்டும் வாரிசு இங்கே இல்லை.

அகராதி கையெழுத்துப் பிரதியாகவே அறுபது வருஷத்துக்கு மேல் கிடந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு ஆயர் தாபேர் விரித்து எழுதிய அகராதி 1838இல் அச்சேறியது. அச்சிட்ட இடம் பாரிஸ் அல்ல, சைகோனும் அல்ல. கல்கத்தாவுக்கு அருகே, பாப்டிஸ்ட் மிஷனரிகள் நடத்திய செராம்பூர் அச்சகம். கத்தோலிக்க ஆயரின் நூலை எதிர்முகாமின் எந்திரம் அடித்துக் கொடுத்தது.

அடுத்த இதழில்: வில்லியம் ஜோன்ஸ் பேசுவதற்கு முன்பே சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு கண்டு பாரிஸுக்குக் கடிதம் எழுதிய புதுச்சேரி கேர்தூ சாமியாரும், பாகவதத்தைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோன மரிதாஸ் பிள்ளையும்.